ஏழு சைக்கிளில் வந்த சீர்

என் செல்லக் கதிர்,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ மாமா ஆகப் போகிறாய். இன்னும் நான்கு வாரம்தான், அதற்கு முன்னாலும் வரலாம் என்கிறார் டாக்டர். தலை கீழே திரும்பிவிட்டதாம். என் இடது விலாவுக்குக் கீழே இப்போது ஒரு கால் இருக்கிறது. காலையில் நான் இட்லி சாப்பிட்டு முடித்ததும் அது மிதிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் நிறுத்துவதில்லை. முரளி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மிதிக்கிற வேகத்தைப் பாத்தா உங்க வீட்டுப் பிள்ளைதான்" என்கிறார்.

பையனா பொண்ணா என்று நீ நச்சரிப்பாய். எங்களுக்கே தெரியாதுடா. இங்கே சிங்கப்பூரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாங்கள்தான் வேண்டாம் என்றோம். ஸ்கேன் எடுக்கும்போது முரளி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் சிரித்துவிட்டார்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். உன் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரி வராமல் எழுந்துவிடுவேன். இன்று வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் அதை அப்படியே எடுத்த எடுப்பில் சொன்னால் உனக்குப் புரியாது. கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

எனக்கு முதலில் தெரிந்தது மேட்டில்தான். ஆபீஸிலிருந்து திரும்பும்போது எங்கள் பிளாக்குக்கு முன்னால் வரும் அந்த ஏற்றம் உனக்கு ஞாபகம் இருக்கும். தினமும் உட்கார்ந்தபடியே ஏறுகிற மேடு. அன்றைக்குப் பாதியிலேயே இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றேன். நாக்கில் ஏதோ இரும்பு மாதிரி ஒரு ருசி. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு நாள் கணக்குப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மருந்துக்கடைக்குப் போனேன்.

முரளிக்கு அன்று பகல் ஷிஃப்ட். உட்லண்ட்ஸ் ஃபேக்டரியிலிருந்து அவர் ஏழு மணி வாக்கில் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில் வந்து இறங்குவார். வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியவில்லை. ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் திரும்பவும் சைக்கிளோடு ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்ன உமா, விழுந்துட்டியா?"

"விழலை. உண்டாயிருக்கேன்."

என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி அவரே தள்ளிக்கொண்டு நடந்தார். அவருக்குத்தான் சைக்கிள் தள்ளவே வராதே. பெடல் பத்தடிக்கு ஒருமுறை அவர் முழங்காலுக்குக் கீழே போய் இடித்தது. வீடு வரைக்கும் இடி வாங்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே வந்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். சமதளமான பாதையில், மூச்சு வாங்காத வேகத்தில், விழாமல் ஓட்டலாம், வயிறு பெரிதாகிச் சமநிலை மாறும்போது நிறுத்திவிட வேண்டும் என்றார். அந்த டாக்டரம்மா சொன்னதை நான் ஒரு எழுத்து மாறாமல் கேட்டேன். மேட்டுக்குப் போகவில்லை. கால்வாய் ஓரப் பாதையில் ஜூரோங் ஈஸ்ட் ஆபீஸுக்குப் போய் வந்ததோடு சரி. மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் பஸ்.

நான் ஓட்டுவது அம்மாவுக்கு மட்டும் தெரியாது. உன் காரியம் முடிந்த பிறகு திண்டுக்கல் வீட்டில் யாரும் சைக்கிள் என்ற வார்த்தையைச் சொல்வதே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மார்சிலிங்கில் உன் அறையில், படுக்கையிலிருந்து எழுந்து நின்றவன் அப்படியே சரிந்தாய். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சைக்கிளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அம்மாவிடம் இருந்த உன் போட்டோ எல்லாமே ஹெல்மெட்டும் சைக்கிளுமாகத்தான் இருந்தது. என்ன செய்வாள் பாவம்.

அதனால் வீடியோ காலில் தினமும் ஒரு நாடகம்.

"தலைமுடி ஏன்டி இப்படி நசுங்கிக் கிடக்கு?"

"தூங்கி எந்திரிச்சேன்மா."

"ஆபீஸ்லயா?"

ஐந்தாம் மாதம் முடியும்போது என் முட்டி வயிற்றில் இடிக்க ஆரம்பித்தது. டாக்டருக்குக் கொடுத்த வாக்குப்படி சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிட்டேன். ஒரு வாரம் பஸ்ஸில் போனேன். எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதுவே எனக்குக் கடுப்பாக இருந்தது. பத்தொன்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தவளை, உட்காருங்கள், உட்காருங்கள் என்றால் எப்படி இருக்கும் சொல்.

கீழ்த்தளத்தில் லிம் ஆன்ட்டி என்று ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். நீ பார்த்திருக்க மாட்டாய், அவர் குடிவந்தது பிறகுதான். அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள், பின்னால் பெரிய கூடையோடு. மார்க்கெட்டுக்கு அதில்தான் போவார். முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அது சும்மா நின்றது. நான் தினமும் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்தச் சைக்கிளையே பார்ப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஒருநாள் சாவியை என் கையில் திணித்து, "யூ டேக் லா, பேபி ஆல்சோ லைக்" என்றார்.

சிரிக்காதே. கிராஞ்சி ரோட்டில் உன்னை முந்தியவள் நான். நீ ஒத்துக்கொண்டதில்லை, ஆனாலும் முந்தினேன். அப்படிப்பட்டவள் கூடை வைத்த மூன்று சக்கரத்தில் உட்கார்ந்து, புக்கிட் பாத்தோக் வீதிகளில் நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒரு சின்னப் பெண் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்து டாட்டா காட்டினாள். ஆனால் விழாது கதிர். என்ன செய்தாலும் விழாது. டாக்டரிடம் போட்டோ காட்டி அனுமதி வாங்கினேன். கூடையில் தர்பூசணிப் பழத்தை வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் என் வயிற்றையும் வைத்துக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, உலகத்திலேயே சந்தோஷமான ஆள் நான்தான் என்று தோன்றியது.

இதையெல்லாம் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று அப்போதே இருந்தது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும்.

நாம் கடைசியாகப் பேசியது சண்டை. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் நாம் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை. நீ, நான், உன் அறை நண்பன் ஆரோக்கியம், ஷிப்யார்டிலிருந்து இன்னும் இரண்டு பேர். இலையில் சாதம் போட்டாயிற்று. நீ என் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாய். "அக்கா, மாமாவையும் கூட்டிக்கிட்டு ஒரு டாக்டரைப் பாருக்கா. நாலு வருஷமாச்சு. ஊர்ல எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க, எனக்கு தாங்கலை."

நான் மெதுவாகப் பேசவில்லை. "உனக்கு யாரு இந்த அதிகாரம் குடுத்தா? உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ" என்று அந்தக் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். இலையை மூடாமல் எழுந்து வந்து சைக்கிளை எடுத்தேன். நீ பின்னால் ஓடிவந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று ஞாயிறு நான் உன்னோடு ஓட்ட வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நீ ஒரு போட்டோ அனுப்பினாய். லிம் சூ காங் ரோட்டில் உன் முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பெரிய உடும்பு, நகராமல். கீழே, "உன்னை மாதிரியே வழி விட மாட்டேங்குதுக்கா" என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது. ஆனாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய்.

அந்தக் கட்டைவிரலை இரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். முரளியிடம்கூடச் சொல்லவில்லை. உன் சாமான்களை எடுத்துவர மார்சிலிங்குக்கு அவர்தான் போனார். உன் கறுப்புச் சைக்கிளை ஆரோக்கியத்திடமே விட்டுவிட்டு வந்தேன் என்றார், சரி என்றேன். ஆரோக்கியம் போன் செய்தபோது எடுக்கவில்லை. மறுபடி செய்தான், எடுக்கவில்லை. அந்தக் கடையில் என் சத்தத்தைக் கேட்டவன் அவன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓட்டப் போனாலும் கிராஞ்சியைத் தாண்டி மார்சிலிங் பக்கம் போக மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து நானும் முரளியும் டாக்டரிடம் போனோம். உன் பேச்சைக் கேட்டுத்தான் போனேன் என்று எழுத மாட்டேன், உனக்குத் தலைக்கனம் ஏறும். போனோம், அவ்வளவுதான். பெரிய கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். மருந்து, மாத்திரை, காத்திருப்பு. மற்றதைத்தான் முன்னாலேயே சொன்னேனே.

ஏழாம் மாதம் அம்மா வந்து இறங்கினாள். நீ போன பிறகு சிங்கப்பூருக்கு அவள் வருவது இதுதான் முதல் முறை. ஏர்போர்ட்டில் என் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றவள், டாக்ஸியில் ஏறும் வரை எடுக்கவில்லை. வரும் வழியில் மார்சிலிங் எந்தப் பக்கம் என்று முரளியிடம் கேட்டாள். அவர் கையைக் காட்டினார். அந்தப் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் வருவதற்கு முன் ஹெல்மெட்டை அலமாரிக்குள் ஒளித்தேன். சுவரில் இருந்த சைக்கிளைக் கழற்றி முரளியின் நண்பர் வீட்டில் விட்டோம். எல்லாம் பக்கா. மறுநாள் காலை அம்மாவும் நானும் லிஃப்டிலிருந்து வெளியே வருகிறோம், லிம் ஆன்ட்டி கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறார். சிவப்புச் சைக்கிளின் டயரில் காற்றடித்து வைத்திருக்கிறாராம். என் வயிற்றைக் காட்டுகிறார், பெடலைக் காட்டுகிறார், கட்டைவிரலை உயர்த்துகிறார். அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்று முழுக்க அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சைக்கிளால அவன் சாகலை. அது எனக்கும் தெரியும். ஆனா சக்கரத்தைப் பாத்தாலே அவன் முகம்தான் கண்ணு முன்னால வருதுடி."

"இனிமே தொடலைம்மா."

"தொட வேணாம்னு நான் சொன்னேனா? ஏன் எங்கிட்ட மறைச்ச? அவனும் இப்படித்தான். மழையில விழுந்து முழங்கையில தையல் போட்டதை ஒரு வருஷம் கழிச்சுச் சொன்னான். ரெண்டு பேரும் எங்கிட்ட எதைத்தான் சொல்லியிருக்கீங்க?"

தையல் போட்ட கதை எனக்கே அன்றுதான் தெரிந்தது. இன்னும் என்னவெல்லாம் மறைத்தாய்?

அந்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. அம்மாவுக்கு மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிவர முடியவில்லை. கீழே சிவப்புச் சைக்கிளின் சீட்டில் சும்மா இளைப்பாற உட்கார்ந்திருக்கிறாள். லிம் ஆன்ட்டி பின்னாலிருந்து தள்ளிவிட்டார். நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பேட்மிண்டன் கோர்ட்டில் நம் அம்மா, முழங்கால் வரை புடவையைச் சொருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வட்டமடிக்கிறாள். ஆன்ட்டி கைத்தடியைத் தட்டிக்கொண்டு சீனத்தில் ஏதோ உத்தரவு போடுகிறார், அம்மா "இருங்க, இருங்க, திரும்பிக்கிறேன்" என்று தமிழில் பதில் சொல்கிறாள். இருவருக்கும் எல்லாம் புரிகிறது. அறுபது வயதில் நம் அம்மா சைக்கிள் ஓட்டுகிறாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் முருங்கைக்காய் கூடையில் நீட்டிக்கொண்டிருக்க, மார்க்கெட்டிலிருந்து அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வளைகாப்பு வேண்டாம் என்றேன். தாய்வீட்டுச் சீர்த் தட்டை உடன்பிறந்தவன் தூக்கி வருவதுதான் நம் வீட்டுப் பழக்கம். நீ இல்லாமல் யார் தூக்குவது? அம்மா கேட்கவில்லை. ஒன்பதாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டளவில், அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் என்று முடிவு செய்துவிட்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து முரளியை வைத்துக்கொண்டு எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று கலந்த சாதமாகக் கிளறினாள். அளவைப் பார்த்து, "எட்டுப் பேருக்கு ஏம்மா இவ்வளவு?" என்றேன். "பிள்ளைத்தாச்சி பசிக்குமில்ல" என்றாள்.

ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் வந்துவிட்டார்கள். என்னை மனையில் உட்கார வைத்தார்கள், சந்தனக் கிண்ணம் எடுத்தாயிற்று. அம்மா மட்டும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள். காரிடார் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலாவது மாடியிலிருந்து கீழே எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

"யாரும்மா இன்னும் வரணும்?"

"சீர் வர வேண்டாமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் கீழே மணிச் சத்தம் கேட்டது. ஒரு மணி இல்லை, பல மணிகள் சேர்ந்தாற்போல. மனையிலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து காரிடாருக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், என் நிலைமையில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

ஏழு சைக்கிள்டா கதிர். மழையில், வரிசையாக, மேட்டில் ஏறி வருகிறார்கள். நீலமும் மஞ்சளுமாக பிளாஸ்டிக் மழைக்கோட்டு. கேரியரில் கட்டியிருப்பது தாம்பாளத் தட்டுகள், தண்ணீர் புகாமல் கறுப்புப் பையால் சுற்றி, ரப்பர் கயிற்றால் இறுக்கி. ஒருவன் வாழைத்தாரை முதுகில் கட்டியிருந்தான். கடைசியில், கேரியர் இல்லாத ஒரு கறுப்புச் சைக்கிள். உன் சைக்கிள். ஓட்டி வந்தவன் ஆரோக்கியம். நெஞ்சில் ஒரு பையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி முன்பக்கமாகக் கட்டியிருந்தான்.

லிஃப்டில் இரண்டிரண்டு பேராகத் தட்டோடு வந்தார்கள். எல்லோரும் உன்னோடு ஷிப்யார்டில் வேலை பார்த்தவர்கள், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு விடுமுறை. காலை ஆறரைக்கே லிட்டில் இந்தியாவில் கூடி, பூக்கடை திறந்ததும் மல்லிகை வாங்கி, தேக்கா மார்க்கெட்டில் பழம் வாங்கி, அங்கிருந்து புக்கிட் தீமா ரோடு வழியாக மிதித்து வந்திருக்கிறார்கள். வழியில் ஒரு தட்டு அவிழ்ந்து மாம்பழம் உருண்டு ஓடியதாம். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் பொறுக்கிக் கொடுத்தார்களாம். "ஒண்ணு மட்டும் டிரெயின்ல போயிடுச்சுக்கா" என்று இளைத்துக்கொண்டே ஒருவன் மன்னிப்புக் கேட்டான். டிரெயின் என்று இங்கே சாக்கடையைச் சொல்வார்கள் இல்லையா, அந்த ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்த லிம் ஆன்ட்டி, மாம்பழம் எம்ஆர்டி ரயிலில் போய்விட்டதாகப் புரிந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

அம்மா ஒவ்வொருவன் தலையையும் துண்டால் துவட்டினாள். வரிசையாக நிற்க வைத்து, யாரையும் விடாமல். நனைந்த தலைகளை அவள் துவட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற முரளி, சாம்பாரைப் பார்க்கப் போகிறேன் என்று அடுக்களைக்குள் போனார். நாங்கள் சாம்பார் வைக்கவே இல்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் ஆரோக்கியம் அம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருந்திருக்கிறான். நான் போனை எடுக்காத அதே ஆரோக்கியம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களாம்மா, மழையா என்று பத்து நிமிடம். அம்மா என்னிடம் சொல்லவில்லை. "நீ அவன் பேரை எடுத்தாலே பேச்சை மாத்துவ. சரி, உனக்கு எப்ப முடியுதோ அப்பன்னு விட்டுட்டேன்" என்றாள். சீர் கொண்டு வர முடியுமா என்று அவனைக் கேட்டதும் அவள்தான். தட்டு வைக்க டாக்ஸி பிடித்துக்கொள் என்றாளாம். அவன் மறுத்துவிட்டான்.

அவன் கடைசியாகத்தான் உள்ளே வந்தான். வாசலிலேயே தயங்கி நின்றான். நெஞ்சிலிருந்த பையைத் திறந்தால், துண்டில் சுற்றிச் சுற்றி, கண்ணாடி வளையல். சிவப்பும் பச்சையும். ஒன்றுகூட உடையவில்லை.

"அக்கா, நான் மாதா கோயிலுக்குப் போறவன். இந்தத் தட்டை நான் தூக்கலாமா?"

"நீ தூக்காம வேற யாரு தூக்குவா?"

"டாக்ஸில வந்திருக்கலாம். அது சீர் மாதிரி இருக்காதுக்கா. கதிர் வந்தா இப்படித்தான வந்திருப்பான்."

தட்டை அவன் என் கையில் கொடுத்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா முதல் வளையலைப் போட்டுவிட்டாள். என் கை வீங்கிப்போயிருந்ததால் சோப்பு தேவைப்பட்டது. உன் நண்பர்கள் வாங்கி வந்த புடவை கிளிப்பச்சை. கடையில் ஏழு பேரும் சண்டை போட்டு, கடைசியில் ஒருவனின் மனைவியை மன்னார்குடியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு முடிவு செய்தார்களாம். இந்தக் கலரில் இதுவரை எதுவும் நான் உடுத்தியதில்லை. அன்று முழுக்க அதைத்தான் கட்டியிருந்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் காரிடாரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. ஆரோக்கியம் தனியாகக் கைகழுவும் இடத்தில் நின்றபோது நான் போனேன். இனிமேல் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"ஆரோக்கியம், அன்னிக்குக் கடையில நான் கத்துனேன்ல. அதுக்கப்புறம் அவன் எம்மேல கோவமா இருந்தானா?"

அவன் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. யோசித்துப் பார்த்தான்.

"ஆமாக்கா. நல்லா கோவமா இருந்தான். ஒரு வாரம் திட்டித் தீத்துட்டான். எங்களால தூங்க முடியலை."

"அப்புறம்?"

"ரெண்டாவது வாரம், 'நான் பேசுனது தப்புதான், அத்தனை பேர் முன்னாடி பேசியிருக்கக் கூடாது'ன்னு அவனே சொன்னான். மூணாவது வாரம் அந்தப் பேச்சே இல்ல. அவனுக்கு அதுக்கு மேல கோவம் வச்சுக்கத் தெரியாதே. ஞாயித்துக்கிழமை உடும்பு போட்டோ அனுப்பிட்டு, நீங்க கட்டைவிரல் போட்டதைக் காட்டி, 'பாத்தியா, வழிக்கு வந்துட்டா'ன்னு குதிச்சான்."

"வழிக்கு வந்துட்டாளா?"

"அப்படித்தான்க்கா சொன்னான்."

எனக்கு அழ வேண்டும் போலவும் உன் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டு வருடம் கதிர். இரண்டு வருடமாக அந்த விரலை நான் எப்படியெல்லாம் படித்தேன். நீ அதை ஜெயித்துவிட்டதாகப் படித்திருக்கிறாய். நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. வயிறு குலுங்கியதில் உள்ளே இருப்பதும் விழித்துக்கொண்டு உதைத்தது. ஆரோக்கியம் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா ஓடிவந்து, வலி எடுத்துவிட்டதா என்று கேட்டாள். ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் போல.

இதைத்தான்டா சொல்ல வந்தேன். இப்போது வீடு ஒரே அமர்க்களம். ஆஸ்பத்திரிப் பையை அம்மா நான்கு முறை பிரித்து அடுக்கிவிட்டாள். முரளி, குழந்தையை முன்னால் வைத்து ஓட்டும் சீட் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். உட்காரத் தெரிய இன்னும் எவ்வளவோ மாதம் ஆகும் என்றால், "இருக்கட்டும், இடம் பாத்து மாட்டிப் பாப்போம்" என்கிறார். ஆரோக்கியம் இப்போது எனக்கும் போன் செய்கிறான். குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைக்க ஏழு பேருக்குள் சீட்டுக் குலுக்கப் போகிறார்களாம்.

எல்லோரும் உன் பெயரை வைக்கச் சொல்கிறார்கள். பையன் என்றால் கதிர், பெண் என்றால் கதிர்மதி என்று அம்மா முடிவே செய்துவிட்டாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே. தன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் நம் கண் கலங்குவதைப் பார்த்து ஒரு குழந்தை வளர வேண்டாம் என்று இருக்கிறது. அதற்கென்று புதிதாக ஒரு பெயர் வரட்டும். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். உன்னைப் பற்றி அதனிடம் சொல்லும்போது உன்னை நான் சாமியாக்க மாட்டேன். நீ நல்லவன், வல்லவன், தெய்வமாக நின்று பார்க்கிறாய் என்றெல்லாம் சொல்லி ஒரு போட்டோவுக்குள் உன்னை அடைக்க மாட்டேன். வாய் நீளம், தையல் போட்டதை மறைப்பவன், தோற்றாலும் ஒத்துக்கொள்ளாதவன், கோபத்தை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று உள்ளது உள்ளபடி சொல்வேன். அப்படி ஒரு மாமா தனக்கு இருந்தான் என்று அது சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

அன்று உன்னைவிட நான்கு வயது மூத்தவளாக இருந்து,
இன்று ஆறு வயது மூத்தவளாகிவிட்ட
உன் அக்கா,
உமா